மாப்பிள்ளை மரியாதை

புது மாப்பிள்ளையாக மாமியார் வீட்டில் முதல் தடவை தங்கியவர்களுக்கு ரியோகான் என்ற ஜப்பானிய விடுதி எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. உட்காருங்கள், சாப்பிடுங்கள், குளித்துவிட்டு வாருங்கள், படுக்கை போட்டாயிற்று என்று ஆளாளுக்குக் குனிந்து குனிந்து சொல்வார்கள். மரியாதைக்குக் குறைவே இருக்காது. நம் இஷ்டத்துக்கு எதையும் செய்யத்தான் முடியாது. ஒரே வித்தியாசம், ரியோகானில் கடைசியில் பில் வரும். அதுவும் அறைக்கு இவ்வளவு என்று வராது, தலைக்கு இவ்வளவு என்று வரும்.

இது ஜப்பானில் நேற்று முளைத்த தொழில் இல்லை. யமனாஷி மலைக்குள் இருக்கும் கெய்உன்கான் என்ற விடுதி 705-ல் தொடங்கியது. உலகிலேயே பழைய ஹோட்டல் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. இஷிகாவா பக்கம் ஹோஷி என்ற இன்னொரு விடுதி 718-ல் தொடங்கியது; 46 தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருந்து வருகிறது. 1,300 வருடமாக விருந்தாளிகளை மேய்த்துப் பழகிய இனத்திடம் போய், “ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆறு மணி என்றால் ஆறு மணிதான். நம் வீடுகளில் அது பஜ்ஜி வேளை.

மனைவிக்கு ஃபுகுவோகாவில் அலுவலக வேலை. அதை ஒட்டிக் கிடைத்த விடுமுறையில் குரோகாவா போனோம். கியூஷு தீவில், குமமோட்டோ மாநிலத்தில், அசோ எரிமலைக்கு வடக்கே இருக்கிற வெந்நீர் ஊற்றுக் கிராமம். ஒரு சின்ன ஆறு, அதன் கரையோரமாகச் சுமார் 30 விடுதிகள். ஒரு காலத்தில் ஈயோட்டிக்கொண்டிருந்த ஊர். கோட்டோ தெட்சுயா என்ற விடுதிக்காரர் உளியும் சுத்தியலுமாகத் தன் விடுதிக்குப் பின்னால் இருந்த பாறையைக் குடைந்து ஒரு குகைக் குளியலறையே கட்டினார். கூட்டம் அவரிடம் மட்டும் போவதைப் பார்த்த மற்றவர்கள் வயிறெரிவதற்குப் பதிலாக அவரிடமே யோசனை கேட்டார்கள். எந்த மண்ணில் இப்படி நடக்கும்! அதன் பிறகு ஊர் முழுவதும் ஒரே விடுதி, தெருக்களெல்லாம் அதன் தாழ்வாரம் என்று முடிவு கட்டி, தனித்தனி விளம்பரப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மரம் நட்டார்கள். 1986-லிருந்து கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு மர வில்லை விற்கிறார்கள். அதைக் காட்டி எந்த மூன்று விடுதிகளில் வேண்டுமானாலும் குளிக்கலாம்.

எங்களோடு மாமனாரும் வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், சுத்த சைவம். அதனால் மாப்பிள்ளை உபசாரம் இந்த முறை எனக்கு மட்டும் இல்லை, மாமனாருக்கும் சேர்த்துத்தான். மனிதர் என்னை 12 வருடமாக எப்படியெல்லாம் உட்கார வைத்துச் சாப்பிடச் சொன்னாரோ, அப்படியே அவரையும் உட்கார வைத்தார்கள்.

உட்காருவதற்குக் கொடுத்தது, கால்களை வெட்டிவிட்டு முதுகை மட்டும் விட்டுவைத்த ஒரு நாற்காலி. நான் அதில் கால் மரத்துப்போய் நெளிந்துகொண்டிருந்தேன். அவர் அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தரையில் பதித்திருந்த தத்தாமிப் பாயின் விளிம்பை விரலால் நிமிண்டினார். மோந்து பார்த்தார். “கோரைதான் மாப்ளே. நெசவு நெருக்கமா இருக்கு. ஆனா பத்தமடைக்காரன் கையில குடுத்தா இன்னும் மெலிசாப் போட்ருவான்” என்றார். குமமோட்டோ ஜப்பானியப் பாய்க்கோரை விளைச்சலுக்கே பேர்போன மாநிலம். அங்கே போய் நின்று இப்படித் தீர்ப்புச் சொல்ல ஒரு நெல்லைக்காரரால்தான் முடியும்.

யுகாதா விஷயத்தில் மட்டும் அவருக்கும் விடுதிக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி மூடிக் கட்ட வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை. மாமனார் அறையை விட்டு வெளியே வந்ததும் பணிப்பெண் பதறியடித்து ஓடிவந்து, ஆயிரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவரைப் பிரித்து மறுபடியும் கட்டி உயிரோடு இருப்பவராக்கினார். பத்து நிமிடம் கழித்துப் பார்க்கிறேன், தாழ்வாரத்தில் யுகாதாவை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு உலாத்திக்கொண்டிருக்கிறார். “அப்பா, இறக்கி விடுங்க” என்று என் மனைவி பல்லைக் கடித்தாள். “நடக்கண்டாமா?” என்றார்.

சாப்பாட்டைப் பற்றி முன்கூட்டியே எழுதிச் சொல்லியிருந்தோம். சொல்லாவிட்டால் கதி இல்லை. ஜப்பானியச் சமையலில் காய்கறிதானே என்று எடுத்து வாயில் வைத்தால், அது மீனை அவித்து, புகைபோட்டு, விறகுக் கட்டை மாதிரி காயவைத்துச் சீவிய சாற்றில் வெந்திருக்கும். எங்களுக்குக் கடற்பாசியும் ஷீட்டாகே காளானும் போட்ட சாறு. ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு வாய். நடுவில் விடுதியின் அம்மாள், ஓகாமி என்பார்கள், தானே வந்து மண்டியிட்டு, செல்போன் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் வருத்தம் தெரிவித்தார். குமமோட்டோவின் பெருமையே பச்சைக் குதிரை இறைச்சிதான். அதை எங்களுக்குப் பரிமாற முடியவில்லையே என்று.

“அந்த அம்மா என்ன சொல்லுதாங்க?” என்றார் மாமனார்.

“குதிரை இல்லையாம் மாமா. மன்னிப்புக் கேக்கறாங்க.”

“குதிரை எதுக்கு? நாமதான் பஸ்ஸுல போறோமே!”

அதைத்தான் நானும் அந்த அம்மாளிடம் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். குதிரைக்குப் பதிலாக வந்தது, ஓட்டைகளில் கடுகும் மிசோவும் திணித்துப் பொரித்த தாமரைக் கிழங்கு. நோஞ்சானாக இருந்த பழைய பிரபு ஒருவருக்கு உடம்பு தேறச் செய்து கொடுத்ததாம். ஒரு கடியில் மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறியது. மாமனார் அன்று மறுசோறு கேட்ட ஒரே பதார்த்தம் அதுதான்.

இனிக் குளியல். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. ஆனால் உடம்பில் நூலிழை இருக்கக் கூடாது. ஓரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து சோப்புத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். கைக்குட்டையை விடச் சற்றுப் பெரிய துண்டு ஒன்று தருவார்கள். அதுவும் தண்ணீரில் படக் கூடாது. மடித்துத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கே தேவையோ அங்கே இல்லாமல் தலையில்! மாமனாரோடு ஒரே தொட்டியா என்று நான் திகைத்து நின்றபோது, “அப்பா குத்தாலத்துல கூட்டத்தோட குளிக்கறவர்தானே?” என்றாள் மனைவி. “குத்தாலத்துல துண்டு இடுப்புல உண்டும்மா” என்றார் அவர். ராத்திரி அவர், விடிகாலை நான் என்று ஒப்பந்தம் ஆயிற்று.

ஐந்து மணிக்குப் போனேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எனக்கு மனிதரும் மரத்தூணும் ஒன்று. போதாக்குறைக்கு ஆவி. கழுத்து வரை இறங்கி உட்கார்ந்த பிறகு, எதிரே பாறை என்று நினைத்தது இருமியது.

“யாரு, மாப்ளையா?”

சட்டென்று “ஹை” என்றேன், ஜப்பானியன் குரலில்.

“அப்ப சரி” என்றது பாறை, தமிழில்.

சற்று நேரம் ஊற்றுச் சத்தம் மட்டும். பிறகு அவரே பேச்சை எடுத்தார். மனிதர் ஒரு இடத்துக்குப் போகும் முன் படித்துவிட்டுத்தான் போவார். 1948-ல் போட்ட ஜப்பானியச் சட்டப்படி நிலத்தடியிலிருந்து 25 டிகிரிக்குக் குறையாத சூட்டில் வந்தாலே அது வெந்நீர் ஊற்றுதானாம். “25 டிகிரி! சித்திரை மாசத்துல நம்ம மொட்டைமாடித் தொட்டித் தண்ணி தொட்டாச் சுடும். எவனாவது மதிக்கானா?” என்றார். ஆமாம் மாமா என்றேன். இந்தத் தொட்டி 40-க்கு மேல் கொதித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், மூச்சு வாங்கியது. ஆனால் முதலில் எழுந்திருப்பது யார்? முகம் தெரியாத ஒரு ஜப்பானியத் தாத்தா வந்தார், கழுவினார், முங்கினார், எழுந்து போயே போய்விட்டார். நாங்கள் இருவரும் குடும்ப கௌரவத்தில் வெந்துகொண்டிருந்தோம்.

கடைசியில் பெரியவர்தான் வழி சொன்னார். “நான் கண்ணை மூடிக்கிடுதேன். பத்து எண்ணுததுக்குள்ள எந்திரிச்சுப் போயிருங்க.”

சத்தமாகவே எண்ணினார்.

பத்து மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். பில்லில் குளியல் வரி என்று ஆளுக்கு 150 யென் தனியாக இருந்தது. வெந்ததற்கும் வரியா என்று மாமனார் கேட்பதற்குள் மனைவி பணத்தைக் கட்டிவிட்டாள். ஓகாமியும் பணிப்பெண்ணும் எங்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் வரை வந்தார்கள். பஸ் கிளம்பி, வளைவில் திரும்பி மறைகிற வரைக்கும் கையசைத்தார்கள், குனிந்தார்கள், மறுபடி கையசைத்தார்கள். மாமனாரும் விடாமல் ஜன்னல் வழியாகக் குனிந்துகொண்டே வந்தார், இரண்டு தடவை கண்ணாடியில் நெற்றியை இடித்துக்கொண்டு.

அவர்கள் கண்ணுக்கு மறைந்ததும் என் பக்கம் திரும்பினார்.

“நானும் வருசத்துக்கு ரெண்டு தடவை மெட்ராஸ் வந்துட்டுப் போறேன். ஒரு நாளாவது லிஃப்ட் வரைக்கும் வந்திருக்கீங்களா மாப்ளே?”