நெஞ்சில குத்த ஒரு மெடல்

மருமோன், தேர்த் திருவிழாவில உமக்குப் பரிவட்டம் கட்டேல்லை எண்டு முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு திரியிறீராம். மாமி சொன்னா. ஸ்டுட்கார்ட்டில இருந்துகொண்டு மரியாதை வாங்கிற வித்தை தெரியாமல் இருக்கிறீரே, அதுதான் வெட்கம்.

1911 இல திறந்த லிண்டன் மியூசியம் இருக்கெல்லோ? அந்தப் பேருக்குரிய கார்ல் வொன் லிண்டன் பிரபு, வூர்ட்டம்பேர்க் அரண்மனை உத்தியோகத்தர். ராசா குடுக்கிற விருதுகளுக்குக் கிட்ட நிண்ட மனுசன். ஆபிரிக்காவில இருந்த ஜேர்மன் அதிகாரிமாருக்கு ஒரு பெருங்குறை: ஊருக்கு வந்து விருந்துக்குப் போனால் கோட்டு வெறுமையாக் கிடக்கும். பிரபு வழி சொன்னார். முகமூடி, ஈட்டி, சிலை அனுப்பும், மெடலுக்கு நான் பொறுப்பு. பெட்டி பெட்டியா வந்து இறங்கினது! ராசாவுக்கு ஒரு துண்டு நாடாதான் செலவு. அனுப்பினவனுக்கு அதுவுமில்லை, சாமான் ஆற்றையோ.

எங்கட ஆக்களும் லேசுப்பட்டவையோ? எங்கட ஊரை ஆண்ட வெள்ளைக்காரன் முதலியார் பட்டம் குடுத்தான். பொன் பொத்தான் வைச்ச நீளக் கோட்டு, இடுப்பில வாள். அந்த வாள் ஒரு பூசணிக்காயையாவது வெட்டியிருக்குமோ தெரியாது. ஆனால் கவர்னர் வீட்டு வைபவத்திலயும் முன்வரிசை, கோயில் வீதியிலயும் முன்வரிசை.

நீர் இருக்கிற ஊர்க் கான்ஸ்டாட் திருவிழாவும் பரிசு குடுக்கத் தொடங்கினதுதான். தம்போரா எரிமலை வெடிச்சு, அடுத்த வருசம் கோடையே வராமல் வூர்ட்டம்பேர்க் பஞ்சத்தில கிடந்தது. அதுக்குப் பிறகு 1818 இல முதலாம் வில்ஹெல்ம் ராசா அந்தத் திருவிழாவைத் தொடக்கினார். நல்ல மாடு வளர்த்த கமக்காரனுக்குப் பரிசு. காய்கறி, தானியம் சோடிச்ச 26 மீற்றர் தூண் இப்பவும் விழாவுக்கு நிக்குது. ஆனால் கூடாரத்தில ஆருக்கு எந்த மேசை எண்டதுதான் இப்ப பெரிய கதை.

சரி, உம்மட அலுவலுக்கு வாறன். உபயகாரர் பட்டியலில பேரைப் பதியும். சொந்தக் காசெண்டால் பரிவட்டம் தலையை இறுக்கும்; மற்றவன்ர சீட்டுக்காசெண்டால் அளவெடுத்தமாதிரிப் பொருந்தும். பொன்னாடையை உடன கழட்டிப்போடாதேயும், படம் பிடிக்கிற பொடியன் பிந்தித்தான் வருவான்.

சாமான் சேர்க்கிற விசயத்தில மட்டும் கவனம். 1893 இல ஜேர்மன் படை பறிச்ச, நமீபியத் தலைவர் ஹென்றிக் விற்போயின்ர பைபிளும் சாட்டையும் 1902 இல லிண்டன் மியூசியச் சேகரிப்புக்கு வந்தது. 2019 இல கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தவை. குத்தின மெடலைத் தா எண்டு ஆரும் கதவைத் தட்டினதா நான் கேள்விப்படேல்லை.