எலிக்கதை படிக்கிறேன், பெரியப்பா

டோக்கியோ,
டிசம்பர் 10

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் மூட்டுவலி இப்போது எப்படி இருக்கிறது? குளிர் எனக்குத்தான் புதிது, மற்றபடி குறையில்லை.

போன வாரம் போனில், "அங்க என்னடா படிக்கிற?" என்று கேட்டீர்கள். திண்ணையில் நாலு பேர் இருக்கிற சத்தம் கேட்டதால், "ஜப்பானிய இலக்கியம்" என்று சொல்லி வைத்தேன். அது என்ன இலக்கியம் என்று இப்போது எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மட்டும் உரக்கப் படிக்காதீர்கள். இரண்டு எலிகள் கேக் சுடுகிற கதை.

சிரிக்காதீர்கள். ‘குரியும் குராவும்’ என்று பெயர். 1963இல் வந்தது. எழுதிய நககாவா ரியெகோ பாலர் பள்ளியில் வேலை பார்த்தவர். படம் போட்டது அவருடைய தங்கை. காட்டில் எலிகளுக்கு ஒரு பிரம்மாண்டமான முட்டை கிடைக்கிறது. தூக்கிப்போக முடியவில்லை. சரி, முட்டை அடுப்புக்கு வராவிட்டால் அடுப்பு முட்டைக்கு வரட்டும் என்று சட்டி, மாவு, சர்க்கரை எல்லாவற்றையும் காட்டுக்கே கொண்டுவந்து கேக் சுட்டு, வாசம் பிடித்து வந்த மிருகங்களுக்கெல்லாம் பங்கு வைக்கின்றன. மீந்த முட்டை ஓட்டில் கார் செய்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகின்றன. இதைப் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "முட்டை போட்டது யாருடா?" இங்கே யாரிடமும் இதற்குப் பதில் இல்லை.

நான் இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்று கேட்பீர்கள். முதியோர் பராமரிப்பு வேலைக்கு வர வேண்டுமென்றால் மொழித் தேர்வு எழுத வேண்டும் அல்லவா? சொல் பட்டியலை உருப்போட்டேன், எழுதினேன், பாஸும் ஆனேன். இங்கே வந்து ராத்திரி ஷிஃப்ட்காரர்கள் எழுதி வைத்துவிட்டுப் போன குறிப்பேட்டைத் திறந்தால் தலை சுற்றியது. எந்தப் பாட்டி மாத்திரை போட்டார், எந்தத் தாத்தா தூங்கவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் அந்தத் தாத்தாவே எழுந்து காபி கேட்டுவிடுவார். ஒவ்வொரு சொல்லும் தெரியும், வாக்கியம்தான் தெரியாது. புழக்கத்துக்கென்று அரசாங்கம் வகுத்த கான்ஜி என்கிற சீன வழி எழுத்துகளே 2,136. தொடக்கப் பள்ளி ஆறு வருடத்தில் பிள்ளைகள் படிப்பது 1,026. நான் ஒன்றாம் வகுப்பு வாத்தியாரிடம் உட்கார வேண்டிய கேஸ்.

அதனால் வட்டார நூலகத்துக்குப் போனேன். குழந்தைகள் பகுதியில் முழங்கால் உயரத்துக்கு நாற்காலிகள். மீசையோடு நான் அதில் மடங்கி உட்கார்ந்ததைப் பார்த்து ஒரு பொடியன் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். நூலகத்து அம்மா மரியாதையாகக் கேட்டார்: "குழந்தைக்கு என்ன வயது?" "முப்பத்தொன்று" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தலைகுனிந்து வணங்கிவிட்டுப் போய், கை நிறைய மெல்லிய புத்தகங்களோடு வந்தார். அவை குழந்தைகளுக்கானவை இல்லை. என்னைப் போல வளர்ந்து கெட்டவர்களுக்கானவை.

இப்படிப் படிப்பதற்கு இங்கே ‘தடொகு’ என்று பெயர், ‘நிறையப் படிப்பது’ என்று பொருள். புத்தகங்களை நிலை நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். தொடக்க நிலைக்கு 350 சொல் தெரிந்தால் போதும், நாலாம் நிலைக்கு 1,300. கான்ஜி தலையில் உச்சரிப்பும் பொடி எழுத்தில் இருக்கும். நம் அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று பிரித்திருக்கிறார்களே, அதே ஏற்பாடு. நான் இப்போதுதான் நுழைந்து நடக்கிறேன். முழுக்க முழுக்கக் குழந்தைப் புத்தகமாகவே படித்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். இங்கத்திய நாலு வயசுக் குழந்தை வீட்டில் கேட்டு வளர்ந்த பேச்செல்லாம் அதில் வரும்; நமக்கு அது தேர்வுத் தாளைவிடக் கஷ்டம்.

தடொகுவுக்கு விதிகள் உண்டு. எளிதானதில் தொடங்கு. புரியாத இடத்தைத் தாண்டிப் போ. பிடிக்காவிட்டால் மூடிவிட்டு வேறு எடு. இன்னொன்றை எழுத எனக்குக் கை நடுங்குகிறது: அகராதி பார்க்காதே. ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் பக்கத்தைத் திருப்பினால் லிப்கோ அகராதியாலேயே என் மண்டையில் தட்டிய உங்களிடம் இதை எப்படிச் சொல்வேன்! ஆனால் பெரியப்பா, இந்த ஒரு விஷயத்தில் ஜப்பான்காரன் சொல்வதுதான் சரி. அகராதியோடு படித்தபோது ஒரு பக்கம் தாண்டுவதற்குள் முதல் வரி மறந்துபோனது. இப்போது நாலு கதையில் திரும்பத் திரும்ப வருகிற சொல் அதுவாகவே ஒட்டிக்கொள்கிறது. வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வருகிறதா, ஆங்கிலத்தில் தலைகீழாகப் புரட்டாமல் நேராகத் தமிழ்க் காதோடு கேட்கலாம். தமிழும் ஜப்பானியமும் உறவு என்று ஓனோ சுசுமு என்கிற பேராசிரியர் பல வருடம் வாதாடினார். மொழியியல்காரர்கள் பெரும்பாலும் ஒப்பவில்லை. எனக்கு அந்த வழக்கில் தீர்ப்பு வேண்டாம், வாக்கிய அமைப்பு ஒத்துப்போனால் போதும்.

இதில் பெரிய லாபம் வேலை செய்கிற இடத்தில்தான். மோமோதாரோ கதை இங்கே தெரியாதவர் கிடையாது. ஆற்றில் துணி துவைக்கிற கிழவியிடம் பெரிய பீச் பழம் மிதந்து வருகிறது, அதிலிருந்து ஒரு பையன் பிறக்கிறான். (நம் பாலாற்றில் என்றால் மணல் லாரியில்தான் வந்திருக்கும்.) காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாத ஒரு பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டினேன். பழம் வந்தது என்று நான் சாதாரணமாகப் படித்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து அலை மாதிரி ஆட்டி, ‘தொம்புராக்கோ, தொம்புராக்கோ’ என்றார். பழம் அப்படித்தான் முங்கி முங்கி வர வேண்டுமாம். என்னையும் சொல்ல வைத்தார். பக்கத்துக் கட்டில் தாத்தாவும் சேர்ந்துகொண்டார். மீதிக் கதையை அவர்களே முடித்தார்கள். நான் பக்கம் மட்டும் திருப்பினேன். அந்தப் பையன் நாய்க்கும் குரங்குக்கும் காட்டுக்கோழிக்கும் ஆளுக்கொரு பனிவரகுக் கொழுக்கட்டை கொடுத்துக் கூட்டணி சேர்த்துத்தான் அரக்கர்களை ஜெயிக்கிறான். உத்திரமேரூர் குடவோலைச் சபையில் இது நடந்திருந்தால் கையூட்டு என்று மூன்று பேரையும் தள்ளி வைத்திருப்பார்கள்.

உராஷிமா தாரோ கதை மட்டும் வேண்டாம். கடலுக்கடியில் கொஞ்ச நாள் விருந்தாடிவிட்டு ஊர் திரும்பியவனை அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை, அதற்குள் தலைமுறைகள் போய்விட்டன என்று வரும். விசாவில் வந்தவன் படிக்கிற கதையா அது?

முக்கியமான சேதி: ஒரகடத்தில் வேலை பார்க்கிற நம் தங்கச்சி ஜூலையில் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதப் போகிறாள் என்றீர்கள். சொல் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அவள் ராத்திரி கண் விழிக்க வேண்டாம். தடொகுவைப் பரப்புகிற அமைப்பே நிறையக் கதைகளை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. சுட்டியை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துக் கொடுங்கள். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒவ்வொரு கதையாகப் படிக்கட்டும். எலிக்கதை என்று கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அர்த்தமும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்