மொட்டுக்குக் காத்திருப்போர்

கேள்வி: பீட்சாவில் தூவுகிற கேப்பர் மொட்டுச் செடியை வீட்டில் விதை போட்டு வளர்க்க முடியுமா?

பதில்: முடியும், விதைக்கு மனசு வந்தால்! வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் ஊறப்போட்டு, ஈரத்துணியில் சுற்றி, ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மாதம் வைத்து, மறுபடி ஊறவைத்து விதைக்க வேண்டும். அதற்கப்புறமும் பல விதைகள் கும்பகர்ணன்தான். முளைத்ததை ரொம்பக் கொஞ்சாதீர்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஜெருசலேமின் மேற்குச் சுவரில், கல்லிடுக்கில் தழைக்கிற ஜாதி அது! மொட்டெடுக்க இரண்டு மூன்று வருஷமாவது ஆகும். பூ விரிவதற்குள் பறித்து உப்பில் போடணும். பச்சையாகத் தின்றால் கசக்கும். பொடி மொட்டுக்குத்தான் மவுசு. பொறுமை இல்லையா? பங்காளி ஆதொண்டை நம்மூர் வேலியிலேயே முள்ளோடு நிற்கிறது. காயைப் பறித்து வற்றல் போடுங்கள்.