தொங்கும் கூரை

கே: 1970-களில் கட்டிய ஃபைபர் கிளாஸ் பாய்மரப் படகு. கேபின் கூரையில் ஒட்டிய வினைல் தொங்கித் தலையில் இடிக்கிறது. நல்ல பசையாகப் பார்த்து மறுபடி ஒட்டிவிடலாமா?

ப: தாராளமாக; அடுத்த முறை தொங்கும்வரை இருக்கும்! பசையைக் குறை சொல்லிப் பயனில்லை. வினைலுக்குப் பின்னால் உள்ள மெல்லிய ஃபோம்தான் வயதாலும் ஈரத்தாலும் மக்குகிறது. கிழித்துப் பாருங்கள், விரலில் பொடியாக உதிரும். பொடிமேல் எந்தப் பசை நிற்கும்? சுரண்டியெடுத்துவிட்டுப் புது வினைல் ஒட்டலாமே என்பீர்கள். ஒட்டலாம்தான், ஆனால் மேல்தளக் கைப்பிடிகளின் போல்ட், நட்டெல்லாம் அதற்குள் புதைந்துவிடும். ஒழுகினால் மறுபடி கிழிக்க வேண்டும். திருகைக் கழற்றி எடுக்கும்படி பலகைகளாகப் போடுவதே மேல். தலைக்குமேல் கொஞ்சம் இடம் குறையும், உண்மைதான். இப்போது மட்டும் இடிக்காமலா இருக்கிறது? முதலில் ஒழுகும் இடத்தை அடைத்துவிடுங்கள். சுரண்டும்போது முகக்கவசம் போட மறக்க வேண்டாம்.