கோட்டு போட்ட மிளகுத்தண்ணி

மாசியில் ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுப் பக்கம் போனால் வாசலுக்கு வாசல் தார்ப்பாயில் மிளகு காயும். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியிலிருந்து பறிக்கும்போது பச்சைப்பசேல் என்றிருப்பது, வெயில் பட்டுச் சுருங்கி, கறுத்து, கோபக்காரப் பாட்டியின் முகமாகிவிடும். அதில் ஒரு பிடி நசுக்கி, சீரகமும் பூண்டும் தட்டிப்போட்டு, புளிக்கரைசலை நுரை கட்ட விட்டு இறக்கினால் மிளகுத்தண்ணி. மூக்கு ஒழுகினால் மருந்து, மாதக்கடைசியில் குழம்பு.

இதற்குத்தான் ஆங்கில அகராதியில் 'முல்லிகடானி' என்று பெயர். ஏற்காட்டை 'யெர்காட்' என்றும், குகையில் சிவனே என்றிருந்த மலைச்சாமி சேர்வராயனை 'ஷெவராய்' என்றும் ஆக்கிய நாக்கு ரசத்தை மட்டும் விட்டுவைக்குமா? வாலில் ஒட்டிய 'டானி'க்கு அவர்கள் மொழியில் பழுப்பு என்று வேறு பொருள். தண்ணி அங்கே போய் நிறமாகிவிட்டது!

1886இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இந்தச் சொல்லுக்குக் காட்டும் 1784ஆம் வருடச் சான்று ஒரு புலம்பல் பாட்டு. ஹைதர் அலியிடம் பிடிபட்ட கடற்படை துரை ஒருவர், பெங்களூர் சிறையில் மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தானே கதி என்று அழுகிறார். ஜெயில் சாப்பாடாக அறிமுகமான சரக்கு இது. அப்புறம் நாக்கு பழகிவிட்டது. சென்னை மாகாண வெள்ளைக்காரர்களுக்கே 'மல்' என்று பட்டப்பெயர் விழுந்தது. பம்பாய்க்காரர்கள் 'டக்', அதாவது வாத்து. ரசமா வாத்தா என்றால் நான் ரசத்தின் கட்சி.

சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் ஏற்காட்டுக்குக் காப்பிச் செடி கொண்டுவந்தார். பண்டமாற்றாக அவருடைய ஆட்கள் ரசத்தைக் கப்பலேற்றிவிட்டார்கள் போலும். சீமையில் அதற்குள் கோழி விழுந்தது, மாவு விழுந்தது, ஆப்பிளும் கிரீமும் விழுந்தன. ஜெர்மானியர்கள் டிசம்பர் 31 தவறாமல் டிவியில் பார்க்கும் 'டின்னர் ஃபார் ஒன்' நாடகத்தில், தொண்ணூறு வயதுச் சீமாட்டியின் விருந்து இந்த சூப்பில்தான் தொடங்குகிறது. வராத விருந்தாளிகள் நால்வரின் மதுவையும் பட்லரே குடித்துத் தள்ளாடுவார். ரசத்தைக் குடித்திருந்தால் தெளிந்திருப்பார்.

போன வருடம் கடும் ஜலதோஷத்தோடு மலையில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்தேன். மெனு அட்டையில் முல்லிகடானி, விலை மூன்று இலக்கம். "ஃபாரின் ஐட்டம் சார், காரமே இருக்காது" என்று உறுதி கொடுத்தார் பரிமாறிய தம்பி. கிரீம் மிதக்க வந்தது. குடித்தேன்.

மூக்கு ஒழுகுவது நிற்கவில்லை.