கண்ணை மூடினால் ஒரே விலை!

ரோஸ்வுட் முதுகு வைத்த கிட்டார் என்றால் விலையில் ஒரு சுழி கூடுகிறதே, ஒலியும் கூடுமா?

கண்ணைத் திறந்து வைத்துக் கேட்டால் கட்டாயம் கூடும்!

இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார், முதுகும் பக்கப் பலகையும் மட்டும் வெவ்வேறு மரமாக ஆறு கிட்டார்கள் செய்வித்து, 52 கலைஞர்களுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, மங்கலான அறையில் வாசிக்கச் சொன்னார்கள். 2018-ல் முடிவு வெளியானது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கும் மலிவு மரத்துக்கும் கிடைத்த மதிப்பெண்ணில் சொல்லும்படி வித்தியாசமே இல்லை.

முன்பலகை வேறு சங்கதி. கம்பியின் அதிர்வை ஒலியாக்குவது பெரும்பாலும் அதுதான். அதை இழைக்கும் கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

பழைய கிட்டாருக்கு விலை ஏறுமா, இறங்குமா?

முன்பு வாசித்தவர் யார்?

ராக் பாடகர் கர்ட் கோபேன் எம்டிவி மேடையில் வாசித்த 1959-ஆம் வருடத்து மார்ட்டின் நிறுவனக் கிட்டார், 2020 ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. பாடகர் வில்லி நெல்சனோ 1969-ல் 750 டாலருக்கு வாங்கிய மார்ட்டினை, முன்பலகையில் ஓட்டை விழும்வரை வாசித்தார். விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. உங்களுடையதில் கீறலாவது இருக்கிறதா?