அலறினால் அது முக்கியம்

1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற கல்லூரி மாணவர் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை அறிவித்தார். காதலி டெப்ராவின் பேரோடு தன் பேரை ஒட்டி நாமகரணம் முடிந்தது. அது சுலபமான வேலை. இன்ஸ்டால் செய்ததும் தானாக வந்து உட்காரவேண்டிய பேக்கேஜ்கள் எவை என்பதில்தான் பஞ்சாயத்து.

கட்டாயம், முக்கியம், வழக்கம், விருப்பம் என்று தரம் பிரித்தார்கள். கட்டாயத்தில் தகராறில்லை, அது போனால் கணினியே படுத்துவிடும். முக்கியம் எது? பழம் தின்று கொட்டை போட்ட யூனிக்ஸ்காரர் ஒருவர் அதைக் காணாமல், ‘என்னய்யா நடக்குது இங்கே, எங்கே அது?’ என்று அலறினால் அது முக்கியம். கிண்டலில்லை, டெபியன் விதிப் புத்தகத்தின் இலக்கணமே ஏறத்தாழ இதுதான். எத்தனை பேருக்கு உபயோகம் என்ற பேச்சே அதில் கிடையாது.

வழக்கம் என்ற பிரிவில் பெரிய மென்பொருள்கள் பலவற்றுக்கு இடமில்லை என்றார்கள். ஆனால் ஆரம்பகால விதியில் ஈமாக்ஸுக்கு விலக்கு! அது மென்பொருள் இல்லையாம், அடிப்படைக் கட்டமைப்பாம். எட்டு மெகாபைட் தின்றும் வயிறு நிறையாதது என்று ஊரே கேலி செய்த எடிட்டர் அது. விதியை எழுதியவர் எந்த எடிட்டரில் எழுதியிருப்பாரோ! எக்ஸிம் என்ற மெயில் சர்வரும் இப்படித்தான் பல காலம் வீட்டுக் கணினிகளில் குடியிருந்தது, யாரும் பிரிக்காத கடிதங்களை ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு அனுப்பிக்கொண்டு.

கடைசியில் 2017இல் டெபியன் 9 வந்தபோது கை வைத்தார்கள், ‘இஃப்கான்ஃபிக்’ தலையில். 1983இல் பெர்க்லி யூனிக்ஸின் 4.2 பதிப்பில் பிறந்த கட்டளை. அது இருந்த நெட்-டூல்ஸ் பேக்கேஜை முக்கியத்திலிருந்து விருப்பத்துக்கு இறக்கினார்கள். ஒருவர் பழக்க தோஷத்தில் இஃப்கான்ஃபிக் என்று தட்டுவார். ‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்று திரை சொல்லும். விதிப் புத்தகம் எதிர்பார்த்த அதே அலறல்! (இத்தனைக்கும் டெபியனில் சாதாரண யூசர்களுக்கு முன்பும் இதே பதில்தான், கட்டளை கிடந்த எஸ்பின் அடைவு அவர்களுக்காகக் கட்டளைகளைத் தேடும் பாதையிலேயே இல்லை.)

பதிலுக்கு ‘ஐபி’ என்ற புதுக் கட்டளை ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தது. அதைக் கற்பது கௌரவக் குறைச்சல் அல்லவா? ஆகவே பழையதையே இறக்கிக்கொள்ள முனைந்தார்கள். நெட்வொர்க் ஏன் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் கருவி அது. இறக்க முதலில் நெட்வொர்க் வேலை செய்யவேண்டும்.